போர்க்கள மருத்துவர் பாரே

வாளாலும் வேலாலும் உண்டாகும் புண்களை ஆற்றும் முறையை எந்நாட்டாரும் பண்டுதொட்டு அறிந்திருந்தனர். வெடிமருந்தும் துப்பாக்கியும் போர்க்களத்திற் புகுந்த பின்னரோ, முன்னோர் கண்டறியாத புண்கள் தோன்றின. ஈயக் குண்டு எலும்பை நொறுக்கும், தசையைச் சிதைக்கும், உடுத்த துணியின் கந்தலையும் மண்ணையும் தன்னோடு உள்ளே இழுத்துச் செல்லும். அத்தகைய புண் சில நாளில் அழுகத் தொடங்கும். அழுகிய கையையோ காலையோ துணித்தாலன்றி உயிர் பிழையாது. துணித்தாலோ, அறுபட்ட குழாய்களிலிருந்து குருதி பீறிட்டு, சிறிது நேரத்தில் அவ்வுயிரையே கொண்டுபோய்விடும்.

இந்தக் குருதிப் பெருக்கை நிறுத்த 16 ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர் பெரிதும் நம்பியது நெருப்பை. உலையிற் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் சூட்டுக்கோலை வெட்டுவாயில் வைத்து அழுத்துவர். தசையும் குழாயும் ஒருங்கே கரிந்து அடைபடும். மயக்க மருந்து அந்நாளில் இல்லை. காலை இழக்கும் துன்பத்தினும் பெருந்துன்பம் அதன்பின் வரும் சூடாகும். இவ்வளவும் பொறுத்த பின்னரும், கரிந்த பொருக்குச் சில நாளில் உதிர, மறுபடியும் குருதி பெருகி மாண்டவர் பலர். இந்த நெருப்பை அகற்றி, அதனிடத்தில் ஒரு நூற்கட்டை வைத்தவர் அம்புருவாசு பாரே என்னும் பிரெஞ்சுக்காரர்.

பாரே 1510 ஆம் ஆண்டை ஒட்டிப் பிரான்சு நாட்டின் மேற்கிலுள்ள லவால் நகருக்கு அருகில் ஒரு சிற்றூரிற் பிறந்தார். எளிய குடும்பத்தினர். இலத்தீன் மொழியைக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அக்காலத்தில் அது சிறு குறையன்று. பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயில விரும்புவோர்க்கு இலத்தீனே வாயில். அவ்வாயிலிற் புகுந்தோர் நீண்ட அங்கி அணிந்து, பழைய நூல்களை ஓதி, நோயாளிக்கு மருந்து விதிப்பர். புண்ணைக் கையால் தொடுதல் தம் மதிப்புக்கு இழுக்கு என எண்ணுவர். கத்தி எடுத்துச் செய்யும் தொழிலை அவர்களுக்குக் கீழ்ப்பட்ட இரண வைத்தியர்க்கும், அவரினும் கீழாக மதிக்கப்பட்ட நாவிதர்க்கும் விட்டுவிட்டனர். மயிர் களைதலும், கட்டி கீறுதலும், புண்ணுக்குக் கட்டுப் போடுதலும் நாவிதர் செய்யும் தொழில்களாயின. நம் தமிழ்நாட்டிலும் நாவிதர்க்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்கியமையும், அவர்தம் குலப் பெண்டிர் மகப்பேறு பார்த்தமையும் இங்கு நினைக்கத்தக்கன. பாரே இந்த நாவித மருத்துவத் தொழிலிலேயே பயிற்சி பெற்றார்.

இருபது வயதைக் கடந்த பின் அவர் பாரிசு மாநகர் சேர்ந்து, ஓத்தேல் தியே என்னும் பெரிய மருத்துவமனையில் ஏறத்தாழ மூன்றாண்டு பணிபுரிந்தார். ஏழை நோயாளிகள் திரள்திரளாக வந்து கிடக்கும் இடம் அது. நூலில் வாசிக்க இயலாதவற்றை அவர் அங்கே கண்ணாற் கண்டு கற்றார். பிணங்களை அறுத்து உடலின் அமைப்பை அறியும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் தாம் கற்றதைக் கூறும்போதெல்லாம், அம்மருத்துவமனையில் வாழ்ந்த நாட்களைப் பெருமையோடு நினைவு கூர்ந்தார்.

1537 ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிசின் படை, ஆல்ப்சு மலையைக் கடந்து இத்தாலியின் தூரின் நகர்ப் பக்கம் சென்றது. பாரேயும் ஒரு படைத்தலைவரின் மருத்துவராக உடன் சென்றார். அவர் கண்ட முதற்போர் அதுவே. துப்பாக்கிப் புண்ணில் வெடிமருந்தின் நஞ்சு கலந்திருக்கிறது என்றும், கொதிக்கும் எண்ணெயை அதில் ஊற்றினாலன்றி நஞ்சு முறியாது என்றும் விகோ என்னும் இத்தாலிய மருத்துவர் எழுதியிருந்தார். பாரே அந்நூலைப் படித்தவர். பிற மருத்துவரும் அவ்வாறே செய்வதைக் கண்டார். ஆகவே அவரும் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்.

காயமுற்றோர் தொகை மிகுதி. எண்ணெய் தீர்ந்துபோயிற்று. மீதியிருந்த வீரர்க்கு என் செய்வது என்று திகைத்த பாரே, முட்டையின் மஞ்சட் கருவையும் ரோசாப்பூ எண்ணெயையும் கர்ப்பூரத் தைலத்தையும் கலந்து தடவிக் கட்டுப் போட்டார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றப்படாதவரெல்லாம் நஞ்சேறி இறந்து கிடப்பாரோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. பொழுது விடியுமுன்பே எழுந்து கூடாரங்களை நோக்கி ஓடினார். அங்கே அவர் கண்டது அவர் எண்ணியதற்கு நேர்மாறாக இருந்தது. களிம்பு இடப்பட்டோர் நோவு குறைந்து, வீக்கமின்றி, இரவில் ஒருவாறு உறங்கியும் இருந்தனர். கொதியெண்ணெய் ஊற்றப்பெற்றோரோ காய்ச்சலுற்று, புண்ணைச் சுற்றி வீக்கமும் பெருநோவுமாய்த் துடித்துக்கொண்டிருந்தனர். துப்பாக்கியாற் புண்பட்டவரை இனி ஒருபோதும் இவ்வாறு சுடுவதில்லை என்று பாரே அன்றே உறுதிகொண்டார்.

எண்ணெய் தீர்ந்தது தற்செயல். எண்ணெய் தீர்ந்த மருத்துவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்று கருத இடமுண்டு. விடியற்காலையில் எழுந்து போய், இருவகையாரையும் ஒப்பிட்டுப் பார்த்து, கண்டதைப் பெருநூலினும் பெரிதாக மதித்தமையே அவருடைய பெருமை. எனினும் அவரும் தம் காலத்து மனிதரே. தூரின் நகரில் ஒரு மருத்துவர் துப்பாக்கிப் புண்ணுக்கு அரிய தைலம் ஒன்று வைத்திருப்பதாகக் கேள்வியுற்று, அதன் செய்முறையை அறிய ஈராண்டு அவரை வழிபட்டு நின்றார். இறுதியில் தெரிந்தது, அது லில்லிப்பூ எண்ணெயில் நாய்க்குட்டிகளை வேகவைத்து, மண்புழுவும் சேர்த்துச் செய்யும் தைலம் என்பது! நமக்கு இது நகைப்பை விளைக்கும். பாரே நகைக்கவில்லை. தாம் கண்ட களிம்பைப் போலவே அதுவும் புண்ணைச் சுடாத மென்மையான மருந்தாயிருப்பது கண்டு மகிழ்ந்தார்.

பாரிசுக்கு மீண்ட அவர் 1541 இல் தேர்வுற்று நாவித மருத்துவராக நிலைபெற்றார். துப்பாக்கிப் புண்களை ஆற்றும் முறைபற்றிய அவரது முதல் நூல் 1545 இல் வெளிவந்தது. அந்நூல் பிரெஞ்சு மொழியில் அமைந்தது. இலத்தீன் அறியாமையால் அவ்வாறு எழுத நேர்ந்தது என்பது மெய்யே. ஆயினும் போர்க்களத்திற் கத்தியெடுக்கும் எளிய தொழிலாளர் ஒவ்வொருவரும் படித்துணரத்தக்க நூல் இதனாலேயே உண்டாயிற்று. அறிவுநூல் தாய்மொழியில் அமைவதால் வரும் பயனுக்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

கொதியெண்ணெயை விலக்கிய பின்னரும் சூட்டுக்கோல் எஞ்சியிருந்தது. உறுப்பைத் துணிக்கும்போது பாரேயும் பல்லாண்டு அதனையே பயன்படுத்தினார். அந்நோயாளிகளின் ஓலம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. வேறு வழி உண்டோ என்று சிந்தித்தார். புதிதாக உண்டான காயங்களில் குருதி பெருகும் குழாயை நூலால் கட்டலாம் என்று உரோமர் காலத்துச் செல்சசு, காலன் முதலிய பண்டை ஆசிரியர் எழுதியிருப்பது அவர் நினைவுக்கு வந்தது. கை கால் துணித்த வெட்டுவாயும் ஒரு காயந்தானே? அங்கே மட்டும் நூல் ஏன் உதவாது? பாரிசிலிருந்த இரண வைத்தியர் இருவரோடு இதனைக் கலந்து பேசினார். முதலிற் செய்து பார்க்கும்போது, நூல் கைவிட்டால் உதவ வேண்டுமென்று சூட்டுக்கோலையும் நெருப்பில் ஆயத்தமாக வைத்துக்கொள்வதென முடிவு செய்தனர். புதுமையை விரும்பினார் பாரே; அதற்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்க அவர் விரும்பவில்லை.

1552 ஆம் ஆண்டில் மன்னர் இரண்டாம் என்றியின் படை தாம்வில்லேர் என்னும் ஊரை முற்றுகையிட்டது. கோட்டையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டு ஒன்று, ரோகான் பிரபுவின் கூடாரத்தை ஊடுருவி, அவருடைய பரிவாரத்தைச் சேர்ந்த ஒருவரின் காலை முறித்தது. தொங்கிக்கொண்டிருந்த காலை முற்றும் துணிக்க வேண்டியதாயிற்று. பாரே சூட்டுக்கோலைத் தொடாமல், குருதிக் குழாய்களை நூலாற் கட்டி முடித்தார். புண் ஆறியது. அவ்வீரர் மரக்கால் பொருத்திக்கொண்டு வீடு திரும்பினார். நெருப்பிற் சுடப்படாமல் தப்பியதே பெரிது என்று அவர் மகிழ்ந்து சென்றதாகப் பாரே எழுதிவைத்துள்ளார்.

அவர் கையாண்ட முறையை 1564 இல் வெளியிட்ட நூலில் விளங்க உரைத்தார். துணிக்கவேண்டிய இடத்திற்கு மேலே தோலையும் தசையையும் மேல்நோக்கி இழுத்து, அகன்ற நாடாவால் இறுகக் கட்டவேண்டும். அக்கட்டு, தசையைப் பிடித்து நிறுத்தும்; குருதி ஓட்டத்தைக் குறைக்கும்; உணர்ச்சியையும் ஓரளவு மரக்கச் செய்யும். பின்னர் வளைந்த கத்தியால் தசையை அறுத்து, இரம்பத்தால் எலும்பை அறுப்பர். குருதி சிறிது ஓடவிட்டால் குழாய்களின் வாய் தெரியும். காக்கையின் மூக்கைப்போல் முனை வளைந்த குறடு ஒன்றால் குழாயைப் பற்றி வெளியே இழுத்து, உறுதியான இரட்டை நூலால் முடிச்சிட வேண்டும். முடிச்சு நழுவினால் அஞ்சவேண்டுவதில்லை. ஊசியில் நூல் கோத்து, சுற்றியுள்ள தசையோடு சேர்த்து அக்குழாயைக் கட்டிவிடலாம். தாம் முன்பு சூட்டுக்கோலால் செய்துவந்த கொடுமைக்காகப் பாரே அந்நூலில் வருந்தி, ஏனையோரும் அதனைக் கைவிடுமாறு வேண்டினார்.

ஆனால் உலகம் அவர் வழியை உடனே பின்பற்றிவிடவில்லை. அதற்கு மருத்துவரின் பிடிவாதம் மட்டும் காரணமன்று. தொடையைத் துணிக்கும்போது கட்டவேண்டிய குழாய்கள் பல. ஒன்றைக் கட்டும் நேரத்தில் மற்றொன்றிலிருந்து குருதி வழியும். பழகிய கையும் துணைவர் சிலரும் இல்லாதவர்க்குச் சூட்டுக்கோலே எளிதாயிருந்தது. குருதி உடலிற் சுற்றிவரும் முறையை ஆங்கிலேயரான வில்லியம் ஆர்வி 1628 இல் தான் வெளியிட்டார். பாரே இறந்து அப்போது 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. தமனி எது, சிரை எது, குருதி எப்பக்கம் நோக்கி ஓடுகின்றது என்பவற்றைத் திருத்தமாக அறியாமலே அவர் அக்குழாய்களைக் கட்டினார். திருகாணி வைத்து இறுக்கும் பட்டையைப் பிரெஞ்சு மருத்துவர் ழான் லூயி பெத்தி 1718 இல் அமைத்தார். குருதியை முற்றும் தடுத்து நிறுத்தி, பதறாமல் குழாய்களைத் தேடிக் கட்டும் வசதி அதன் பின்னரே கைகூடியது. நூலின் வழியே புண்ணிற் சீழ் பிடிக்கும் கேடு, 1860 களில் இலிசுட்டர் நோய்க்கிருமிகளை அழித்துப் புண்ணைக் காக்கும் முறையைக் கண்ட பின் குறைந்தது.

கட்டு உயிரைக் காத்தது. ஆனால் உறுப்பைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பெருந்தமனியைக் கட்டினால் அதற்கு அப்பாலுள்ள பகுதிக்குக் குருதி செல்வது தடைப்படும். அறுந்த குழாயை மீண்டும் இணைத்துக் குருதியை ஓடச்செய்யும் வழியும் பிரான்சு நாட்டவர் ஒருவராலேயே செம்மையுற்றது. 1894 இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோ லியோன் நகரில் குத்துண்டு, வயிற்றினுள் பெருங்குழாய் கிழிந்து மாண்டார். அக்குழாயைத் தைக்க அறிந்தவர் அன்று எவருமிலர். அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிசு காரெல் என்னும் இளைஞர், பூவேலை செய்யும் பெண்மணியிடம் நுண்ணிய தையலைக் கற்றுக்கொண்டு, குழாயின் வட்ட வாயில் மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902 இல் வெளியிட்டார். 1912 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் முதன்மையான தமனி புண்பட்ட அமெரிக்க வீரரில் ஏறத்தாழப் பாதிப்பேர் உறுப்பை இழந்தனர். அங்கே பெரிதும் கட்டும் முறையே வழங்கியது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் குழாயைத் தைத்துச் சீர்செய்யத் தொடங்கியபின், அவ்விழப்பு நூற்றுக்கு 13 அளவுக்குக் குறைந்தது.

பாரேயின் வாழ்வுக்கு மீள்வோம். தாம்வில்லேர் முற்றுகை நடந்த 1552 இலேயே அவர் மன்னரின் மருத்துவருள் ஒருவரானார். அவ்வாண்டின் இறுதியில் பேரரசர் ஐந்தாம் சார்லசு பெரும்படையுடன் மெத்சு நகரை முற்றுகையிட்டார். உள்ளேயிருந்த பிரெஞ்சு வீரர் காயமுற்று ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். மருந்தோடு பாரேயை அனுப்புமாறு நகரைக் காத்துநின்ற கீசு கோமகன் மன்னரை வேண்டினார். பகைவர் படையிலிருந்த இத்தாலியத் தலைவன் ஒருவனுக்குப் பெரும்பொருள் கொடுத்து, நள்ளிரவில் பாரே நகருள் சேர்க்கப்பட்டார். மறுநாள் இடிந்த மதிலருகே கூடியிருந்த தலைவர்களும் வீரர்களும் அவரைத் தழுவிக்கொண்டனர். இனிக் காயமுற்றாலும் இறப்போம் என்ற அச்சமில்லை என்று அவர்கள் ஆரவாரித்தனர். கைப்பெட்டியோடு வந்த ஒரு நாவித மருத்துவரைக் கண்டு ஒரு கோட்டை முழுவதும் ஊக்கம் கொண்டது வரலாற்றிற் காண்டற்கரிய காட்சி.

அடுத்த ஆண்டு எசுதேன் கோட்டை வீழ்ந்தபோது அவர் பகைவர் கையில் அகப்பட்டார். தம்மை உயர்ந்தவரென்று கண்டால் பெரும் மீட்புப் பணம் கேட்பரென அஞ்சி, தம் நல்லுடையை ஒரு போர்வீரனுக்குக் கொடுத்து அவனுடைய கந்தலை வாங்கி உடுத்துக்கொண்டார். ஆனால் கை திறமையை மறைக்க முடியுமோ! புண்பட்டோர்க்கு அவர் செய்த மருத்துவமே அவரைக் காட்டிக்கொடுத்தது. சவாய்க் கோமகன் தம்மிடம் பணிபுரிய அழைத்தார், பாரே மறுத்தார். கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பிவிடுவதாகக் கோமகன் வெகுண்டுரைத்தும் அவர் இணங்கவில்லை. முடிவில் பகைவர் தலைவர் ஒருவரின் காலில் பல்லாண்டு ஆறாதிருந்த புண்ணை ஆற்றிக் கொடுத்து, மீட்புப் பணமின்றி விடுதலை பெற்றார்.

1554 இல் பாரிசு இரண வைத்தியரின் புனித கோசுமா கழகம், இலத்தீன் அறியாத அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. மன்னரின் ஆதரவு அதற்கு உதவியது. அம்மன்னரையே காக்க இயலாத நாளும் வந்தது. 1559 இல் விளையாட்டுப் போரில் ஈட்டியின் சிம்பு கண்ணருகே பாய்ந்து இரண்டாம் என்றி வீழ்ந்தார். உடற்கூற்று நூலில் தலைசிறந்த வெசாலியசும் பாரேயும் அருகிருந்தும் அவர் பத்தாம் நாள் இறந்தார். அவருக்குப்பின் அவருடைய மைந்தர் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறினர். பாரே நால்வரிடத்தும் பணிபுரிந்தார்.

1561 இல் மருத்துவரே நோயாளியானார். செய்ன் ஆற்றைக் கடக்கப் படகில் ஏறும்போது குதிரை உதைத்து, அவரது இடக்காலின் இரு எலும்பும் முறிந்து, தசையைக் கிழித்து வெளியே நீட்டின. அத்தகைய முறிவுக்கு முழங்காலுக்குக் கீழே துணித்தலே வழி என்பது அக்கால வழக்கம். பிறர் காலை எத்தனையோ முறை துணித்த அவர், தம் காலும் அவ்வாறாகுமோ என்று அஞ்சினார். தம் நண்பரான மருத்துவரிடம், தம்மை ஓர் எளிய நோயாளியைப் போலவே கருதி, நோவைப் பாராமல் எலும்பை இழுத்துப் பொருத்துமாறு கேட்டுக்கொண்டார். சீழ் பிடித்துக் காய்ச்சலுற்று நெடுநாள் வருந்தினார். எனினும் கால் பிழைத்தது. உறுப்பிழந்தோர்க்குச் செயற்கைக் கையும் காலும் அமைப்பதில் அவர் காட்டிய கருத்து ஊன்றிய அக்கறை, தாமே பட்ட துன்பத்தால் மேலும் ஆழ்ந்திருக்கலாம். பூட்டுச் செய்யும் கொல்லர் ஒருவரைக் கொண்டு, பற்சக்கரமும் வில்லும் வைத்து விரல் மடங்கும் இரும்புக் கை செய்வித்து, அதன் படத்தையும் தம் நூலில் வெளியிட்டார்.

1575 இல் அவருடைய நூல்களெல்லாம் ஒரு பெருந்தொகுதியாக வெளிவந்தன. பாரிசு மருத்துவக் கழகத்தார் சினந்தெழுந்தனர். நாவிதன் ஒருவன் மருத்துவ நூல் எழுதுவதா, அதுவும் யாவரும் படிக்கும் பிரெஞ்சு மொழியிலா, தங்கள் இசைவின்றியா என்பன அவர்தம் குற்றச்சாட்டுகள். அக்கழகத்தின் தலைவராயிருந்த கூர்மெலன், குழாயை நூலாற் கட்டும் முறையையே தாக்கி இலத்தீனில் எழுதினார். பெரியோர் வகுத்த சூட்டுமுறையை விட்டுப் புதுமுறையைப் புகுத்துவது கேடு என்பது அவர் கருத்து. கூர்மெலன் கற்றறிந்தவர்தாம், ஆயினும் நூலறிவு கண்ணெதிரில் நிகழ்வதை மறைக்கும் திரையாகவும் ஆகலாம் என்பதற்கு அவரே சான்றாயினார். பாரே 1585 இல், அகவை 75 ஐ ஒட்டிய காலத்தில், மறுப்புரை எழுதினார். நூலாற் கட்டும் முறையைக் கூறிய பண்டை ஆசிரியர் பெயர்களை நிரலாக எடுத்துக் காட்டினார். அதனோடு நில்லாமல், தாம் சென்ற போர்க்களங்கள் ஒவ்வொன்றையும், அங்கு ஆற்றிய புண்களையும் விரித்துரைத்தார். தூரினும் தாம்வில்லேரும் மெத்சும் எசுதேனும் இன்று நமக்குக் கண்முன் விளங்குவது அம்மறுப்புரையாலேயே. கூர்மெலன் தாக்காதிருந்தால் அவ்வரலாறு எழுதப்படாமலே போயிருக்கும்.

1590 இல் நான்காம் என்றியின் படை பாரிசு நகரைச் சூழ்ந்து உணவுப் பொருள் உட்செல்லாமல் தடுத்தது. நகர மக்கள் பசியால் தெருக்களில் வீழ்ந்து இறந்தனர். அவ்வாகத்துத் திங்களில் ஒருநாள், நகரத் தலைவருள் ஒருவரான லியோன் நகரப் பேராயர், உணவாவது சமாதானமாவது வேண்டுமென்று கூவிய மக்கட் கூட்டத்திடையே அகப்பட்டு நின்றார். எண்பது வயதை எட்டிய பாரே அங்கே அவரைக் கண்டு, இம்மக்கள் சாகின்றனர், இவர்கள் கேட்பது நேரியது, விரைவில் அமைதி உண்டாக வழி செய்க என்று அஞ்சாது எடுத்துரைத்தார் என அக்காலத்து நாட்குறிப்பு ஒன்று தெரிவிக்கின்றது. சில நாளில் முற்றுகை நீங்கியது. அவ்வாண்டு திசம்பர் 20 ஆம் நாள் பாரே காலமானார். அவர் வாழ்ந்துவந்த பகுதியிலிருந்த புனித ஆந்திரே தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.